பீச் மணலில் கார், பைக் ஓட்டலாம்... கடல் திரும்பி வர்ற நேரம் தெரிஞ்சா மட்டும்!

காவேரிப்பட்டினம்:

ஊர் பெயரிலேயே பட்டினம் இருக்கிறது. பட்டினம் என்றால் கடற்கரை ஊர். ஆனால் நம்ம காவேரிப்பட்டினத்தில் கடலும் இல்லை, காவேரியும் இல்லை! ஓடுவது தென்பெண்ணை ஆறு. அந்த ஆறே கடலைப் பார்க்கணும்னா கடலூர் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

லீவு கிடைத்தால் நம்ம ஆட்கள் போவது கே.ஆர்.பி. அணை, ஒகேனக்கல், மிஞ்சினால் ஏற்காடு. கடல் பார்க்க ஆசை வந்தால் பாண்டிச்சேரி. அதுவே 200 கிலோமீட்டருக்கு மேல்.

இப்போது செல்போனில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அலைக்குப் பக்கத்திலேயே கார் ஓடுகிறது. பைக்கில் புருஷன் பொண்டாட்டி போகிறார்கள். ரோடு இல்லை, வெறும் மணல். சக்கரம் புதையவே இல்லை! "அட, இது எந்த ஊருப்பா?" என்று கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இளவட்டங்கள் கிளம்பிவிட்டார்கள்.

போகலாம். தப்பே இல்லை. ஆனால் போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அது தெரியாமல் போனால், மாசா மாசம் தவணை கட்டுகிற வண்டி கடலோடு போய்விடும். உயிருக்கும் ஆபத்து. அந்த விஷயம் என்ன? விவரமாகப் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

கேரள மாநிலம் கண்ணூர் மாவட்டத்தில் இருக்கிறது முழப்பிலங்காடு கடற்கரை. தலச்சேரிக்கும் கண்ணூருக்கும் நடுவில், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டினாற்போல் இருக்கிறது. தலச்சேரிதான் கிட்டம்.

சுமார் நாலு கிலோமீட்டர் தூரம் மணலிலேயே வண்டி ஓட்டலாம். தென்னந்தோப்பு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். கடலுக்குள் அங்கங்கே கரும்பாறைகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய அலையின் வேகத்தை இந்தப் பாறைகள் உடைத்துவிடும். அதனால் கரைக்கு வரும் அலை கொஞ்சம் சாதுவாக இருக்கும்.

எதிரே தர்மடம் தீவு. சுமார் 5 ஏக்கர்தான். கரையிலிருந்து கூப்பிடு தூரம். கடல் வற்றும்போது சிலர் நடந்தே போவார்கள். திரும்பி வர நேரம் தப்பினால் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்!

ஞாயிறு, பண்டிகை நாட்களில் கூட்டம் அலைமோதும். அமைதி வேண்டும் என்றால் வேலை நாளில் போக வேண்டும். ஓசூர் கம்பெனிகளில் வார விடுமுறை ஞாயிறு இல்லாமல் வேறு நாளில் வருகிறவர்களுக்கு இது அதிர்ஷ்டம். செவ்வாய், புதன் கிழமைகளில் காலையில் போனால் மீன்காரர்களும் நாமும்தான்.

எப்படிப் போவது?

ரோட்டில் போனால் இரண்டு வழி. ஒன்று, ஓசூர், பெங்களூரு, மைசூரு வழியாகப் போய் குடகு மலையில் ஏறி, விராஜ்பேட்டை, இரிட்டி வழியாக இறங்கலாம். கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். காவேரி பிறக்கிற குடகைத் தாண்டித்தான் போகிறோம். ஊர் பெயருக்கு ஒரு பொருத்தம்! மழைக்காலத்தில் இந்த மலைப்பாதையில் மண் சரியும். கிளம்பும் முன் ரோடு திறந்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

மைசூரிலிருந்து குண்டல்பேட்டை, சுல்தான் பத்தேரி வழியாகவும் கேரளாவுக்குப் போகலாம். ஆனால் பந்திப்பூர் காட்டுப்பாதையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு 2009-ல் தடை போட்டார்கள். இது தெரியாமல் ராத்திரி போய் செக்போஸ்ட்டில் குழந்தை குட்டியோடு காத்துக்கிடக்க வேண்டாம்.

இன்னொன்று, சேலம், கோவை, பாலக்காடு, கோழிக்கோடு வழி. 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். மலை ஏற வேண்டாம். 2024 மார்ச்சில் திறந்த தலச்சேரி - மாகி பைபாஸ் நேராக முழப்பிலங்காட்டில்தான் கொண்டுபோய் விடுகிறது.

காசு மிச்சம் பண்ண நினைப்பவர்களுக்கு ரயில்தான் சரி. கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை என்றாலும், யஷ்வந்த்பூர் - கண்ணூர் எக்ஸ்பிரஸ் ஓசூர், தர்மபுரி வழியாக ராத்திரியில் போகிறது. ஏறிப் படுத்தால் காலையில் தலச்சேரியில் இறங்கலாம். அங்கிருந்து பஸ்சோ ஆட்டோவோ பிடிக்கலாம். சொந்த வண்டி புதையுமோ என்ற கவலையும் இல்லை.

மணலில் சக்கரம் ஏன் புதைவதில்லை?

கட்டட வேலை செய்கிறவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. காய்ந்த மணலைக் குவித்தால் சரிந்து சரிந்து விழும். லேசாகத் தண்ணீர் தெளித்த மணல் கட்டி மாதிரி நிற்கும். தண்ணீர் அதிகமாகிவிட்டால் கூழாகிவிடும்.

கடற்கரையிலும் அதே கதைதான். மணல் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் ஈரம் இருந்தால், அந்த ஈரம் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். முழப்பிலங்காட்டு மணல் நைசானது. கரையும் சரிவு இல்லாமல் தட்டையாக இருக்கிறது. கடல் ஏறி இறங்கும்போது அந்த மணலை ரோலர் ஓட்டின மாதிரி இறுக்கிவிட்டுப் போகிறது.

ஆக, அந்த ரோட்டைப் போட்டது பொதுப்பணித்துறை இல்லை, கடல்! தினமும் இரண்டு தடவை போடுகிறது. தினமும் இரண்டு தடவை திரும்ப எடுத்துக்கொள்கிறது.

மணலை மூன்று பட்டையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேட்டுப் பக்கம் வெளுத்துக் காய்ந்த மணல். இது புதைமணல் மாதிரி, கார் இறங்கினால் சக்கரம் சுற்றும். நடுவில் கறுத்து ஈரமாக, நடந்தால் கால் தடம் லேசாக மட்டும் விழும் மணல். இதுதான் ரோடு. அலை தொடும் இடத்தில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் மணல். பார்க்க அழகு, நிறுத்தினால் வம்பு. ஒவ்வொரு அலையும் திரும்பும்போது டயருக்கு அடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். போட்டோ எடுக்க ஐந்து நிமிஷம் நிறுத்தினால்கூட போதும், வண்டி உட்கார ஆரம்பித்துவிடும்.

கடலுக்கும் டைம் டேபிள் உண்டு!

முதலில் சொன்ன முக்கியமான விஷயம் இதுதான்.

நிலாவும் சூரியனும் இழுக்கிற இழுப்பில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். கேரளாவில் இதற்கு வேலியேற்றம், வேலியிறக்கம் என்று பெயர். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிஷம். அதனால் நேரம் தினமும் 50 நிமிஷம் போலத் தள்ளிப்போகும்.

கணக்கு சுலபம். இன்று காலை 9 மணிக்குக் கடல் முழுசாக ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் 3 மணிக்கு மேல் நன்றாக வற்றியிருக்கும். இரவு 9.25 வாக்கில் மறுபடி ஏறிவிடும். நாளைக் காலை ஏற்றம் 9.50-க்கு. கடல் வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்கி, வற்றிய பிறகு ஒரு மணி நேரத்தில் மேலே ஏறிவிட்டால் பயமில்லை. உங்கள் நாளுக்கு என்ன நேரம் என்பது செல்போனில் கிடைக்கும். தெரியாவிட்டால் அங்கே இருக்கிற மீனவர்களையோ டீக்கடைக்காரரையோ கேளுங்கள். அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும்.

கேரளக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் சுமார்தான். "ஒரு மீட்டர்தானே?" என்று நினைக்கக் கூடாது. தட்டையான கரையில் தண்ணீர் ஒரு அடி உயர்ந்தால், பல அடி தூரம் உள்ளே வந்துவிடும். மதியம் நீங்கள் காரை நிறுத்திய இடம் ராத்திரி கடலாக இருக்கும்.

அமாவாசை, பவுர்ணமி சமயத்தில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். மதியம் பார்த்தால் "அடேயப்பா, எவ்வளவு அகலம்!" என்று தோன்றும். அதே நாளில்தான் தண்ணீர் ரொம்ப தூரம் ஏறியும் வரும். அன்றைக்குக் கூடுதல் உஷார் தேவை.

வெளியூர்க்காரர்கள் மாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். சாயங்காலம் வற்றிய நேரத்தில் வண்டியை மணலில் நிறுத்துகிறார்கள். நடந்துபோய் சாப்பிடுகிறார்கள். அசதியில் தூங்கிவிடுகிறார்கள். சிலர் வண்டிக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுகிறார்கள். ஆறு மணி நேரத்தில் கடல் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. கடல் யாரிடமும் ஹாரன் அடித்துச் சொல்லிவிட்டு வராது!

சொல்லாமல் வரும் 'கள்ளக்கடல்'

டைம் டேபிளுக்கு அடங்காத ஒன்றும் இருக்கிறது. பெயர் கள்ளக்கடல். கேரள மீனவர்கள் வைத்த பெயர். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் அப்படி. 2012-ல் யுனெஸ்கோவே இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் புயல்காற்று அடிக்கும். அங்கே கிளம்பிய அலை சில நாட்கள் கழித்து நம் கரைக்கு வரும். இங்கே வானம் வெளுத்திருக்கும், காற்றே இருக்காது. திடீரென்று கடல் மட்டும் பொங்கும்.

2024-ம் ஆண்டு மே 6-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி டாக்டர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்த சோகத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம்தான் இந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது. டி.வி.யில் "கேரளா, குமரி கடலோரத்தில் கள்ளக்கடல்" என்று செய்தி ஓடினால், டூரைத் தள்ளிப் போடுங்கள். ரூம் அட்வான்ஸ் போனால் போகட்டும்.

தென்மேற்குப் பருவமழை காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை போகாமல் இருப்பதே நல்லது. கடல் கொந்தளிக்கும்போது மணலில் வண்டி இறங்கத் தடை போடுவது வழக்கம். "நாலு நூறு கிலோமீட்டர் வந்துட்டோமே" என்று காவலரிடம் சண்டை போட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல சீசன்.

வண்டி சிக்கிவிட்டால்?

சக்கரம் சுற்றினால் உடனே ஆக்சிலேட்டரை விடுங்கள். மிதிக்க மிதிக்க குழிதான் ஆழமாகும். எல்லோரும் இறங்க வேண்டும். முதலில் குழந்தைகளையும் பெரியவர்களையும் மேட்டுக்கு அனுப்புங்கள்.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் மணலைக் கையால் வாருங்கள். ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். கால்மிதி, பலகை, தென்னை மட்டை எது கிடைத்தாலும் டயருக்கு முன்னால் போடுங்கள். டயரில் பாதி காற்றை இறக்கினால் டயர் அகலமாகி மணலைப் பிடிக்கும். வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்து, பின்னால் நாலு பேர் சீராகத் தள்ளினால் பெரும்பாலும் ஏறிவிடும். ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காற்று அடிக்க வேண்டும்.

இன்ஜினுக்குள் கடல் தண்ணீர் போய்விட்டது என்றால் சாவியைத் தொடவே கூடாது. தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்தால் உள்ளே ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். கட்டி இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது, வண்டி நகரவில்லை என்றால் வண்டியை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். 112-க்கு போன் போடுங்கள். வண்டி வாங்கிக்கொள்ளலாம். ஆளை வாங்க முடியாது.

பைக் ஆட்களுக்கு ஒரு சின்ன யோசனை. சைடு ஸ்டாண்டு மணலில் இறங்கி வண்டி சாய்ந்துவிடும். தட்டையான கல்லோ பலகைத் துண்டோ ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தால் போதும். சடன் பிரேக், வட்டம் அடிக்கிற சாகசம் எல்லாம் வேண்டாம். 20 கிலோமீட்டர் வேகம் தாராளம். மணலில் விளையாடுகிற குழந்தைக்கு, பின்னால் வண்டி வருகிற சத்தம் அலைச் சத்தத்தில் கேட்காது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால், உங்கள் வண்டி கடலில் போனதற்கு ஒரு பைசா கிடைக்காது. அது அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு மட்டும்தான். முழு இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணீரில் நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்தால், தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்குப் பொதுவாகத் தர மாட்டார்கள்.

நம்ம பக்கம் இன்னொரு பழக்கம் இருக்கிறது. டூர் என்றால் சரக்கு வண்டியில் பாய் விரித்து இருபது பேர் ஏறிவிடுவது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே சட்டப்படி தப்பு. மூன்று மாநில செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும், அபராதம் வேறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் குதிரைக் கொம்பு. சொந்த உபயோக போர்டு போட்ட காரை வாடகைக்கு எடுத்துப் போனாலும் இதே சிக்கல்தான். டூரிஸ்ட் பர்மிட் உள்ள வேனை நாலு குடும்பம் சேர்ந்து பேசினால் தலைக்கு ஆகிற செலவு குறைந்துவிடும்.

இன்னொரு செலவும் இருக்கிறது, துரு. ஊருக்குத் திரும்பும் முன்பே வண்டியின் அடிப்பாகம், பிரேக், செயின் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பைக் செயினுக்கு ஆயில் விட வேண்டும். சோம்பல் பட்டால் உப்பு சும்மா விடாது, இரும்பைத் தின்றுவிடும்.

நம்ம ஊர் கடற்கரையில் ஏன் விடுவதில்லை?

சென்னை மெரினாவில் மணலில் வண்டி இறக்கினால் போலீஸ் பிடிக்கும். கோவாவில் பீச்சில் கார் ஓட்டுவது குற்றம். டூரிஸ்டுகள் மீது வழக்கும் போடுகிறார்கள்.

நம்ம தனுஷ்கோடியில் ஒரு காலத்தில் மணலில் வேன் ஓடியது. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு, அங்கே போக மணலையும் தண்ணீரையும் தாண்டுகிற வேன்கள்தான் கதி. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்த பிறகு, அந்த வேன் பயணத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஜப்பானில் சிரிஹாமா என்ற கடற்கரையில் 8 கிலோமீட்டர் தூரம் கார் மட்டுமல்ல, டூரிஸ்ட் பஸ்களே ஓடுகின்றன. "ஆசியாவிலேயே நீளமானது" என்று முழப்பிலங்காட்டைப் பற்றிப் போடுகிற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அந்த ஜப்பான் கடற்கரையும் அரிப்பால் வருஷா வருஷம் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. மணல் ரோடு சாசுவதம் இல்லை.

தடை போடுவதற்குக் காரணம் இருக்கிறது. மணலுக்கு அடியில் நண்டு வளை இருக்கிறது. ஆமை முட்டையிடுகிற இடத்தில் டயர் ஏறினால் முட்டை நசுங்கும். டயர் போட்ட பள்ளத்தில் ஆமைக் குஞ்சு விழுந்தால் ஏறிக் கடலுக்குப் போக முடியாது. அதனால்தான் வண்டி விடுகிற கடற்கரை அபூர்வம். விட்டிருக்கிற ஒன்றையும் நாம் கெடுத்தால், நாளைக்கு அங்கேயும் கேட் போட்டுவிடுவார்கள்.

ஆகவே, பிரியாணிப் பொட்டலம், பாட்டில் எதையும் மணலில் போடாதீர்கள். மீனவர்களின் வலை காய்கிற இடத்தில் வண்டி ஏற்றாதீர்கள். அது அவர்கள் வேலை செய்கிற இடம். நம்ம கம்பெனிக்குள் யாரோ காரை ஓட்டிக்கொண்டு வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

வயிற்றுக்கும் ஒரு வழி

தலச்சேரி பிரியாணி பெயர் போனது. பாசுமதி கிடையாது, பொடி அரிசியில் செய்வது. பாறையில் ஒட்டியிருக்கும் கல்லுமக்காயைப் பொரித்துக் கொடுப்பார்கள். நம்ம ஊர் நிப்பட்டையும் ஒரு பொட்டலம் எடுத்துப் போனால் டீக்கு ஆச்சு.

கிளம்பும் முன் இதை மட்டும் பாருங்கள்: கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும், கள்ளக்கடல் எச்சரிக்கை உண்டா, வண்டியில் கயிறு, பலகை, காற்று அடிக்கும் பம்ப் இருக்கிறதா, திரும்ப வேண்டிய நேரத்துக்கு செல்போனில் அலாரம் வைத்தாச்சா?

அலாரம் அடித்தால் "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று சொல்லாமல் மேலே ஏறிவிடுங்கள். அந்த மணல் ரோடு கடல் நமக்குக் கொடுத்த கைமாற்று. கேட்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டால், அடுத்த லீவுக்கும் போகலாம்!